லீகல் டெண்டர்: ‘சட்டப்பூர்வ பணம்’ என்றால் போதுமா?

‘ஸ்காட்லாந்து நோட்டு இங்கிலாந்தில் சட்டப்பூர்வமானதல்ல, கடைகளில் செல்லாது.’ பயணக் கட்டுரைகளில் இதைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. ஒரே வரியில் இரண்டு பிழைகள். ‘லீகல் டெண்டர்’ என்ற ஆங்கிலச் சட்டச் சொல்லைச் ‘சட்டப்பூர்வ பணம்’ என்று பெயர்த்ததால் வந்த வினை.

டெண்டரின் வேர் லத்தீன் ‘டெண்டெரே’, அதாவது நீட்டுதல். ஒப்பந்தப்புள்ளியைக் குறிக்கும் ‘டெண்டர்’ என்ற சொல்லுக்கும் அதே வேர்தான்.

எதற்காக நீட்டுவது? கடனைத் தீர்க்க. சட்டம் சொல்லும் பணத்தில் உரிய தொகையை ஒருவர் நீட்டிய பிறகு, வாங்க மறுத்தவர் ‘கடனை அடைக்கவில்லை’ என்று வழக்காடி வெல்ல முடியாது. சொல்லின் ஆட்சி அவ்வளவே. பால் புட்டியோடு கல்லாவுக்கு வருபவர் இன்னும் கடனாளி ஆகவில்லை. லண்டன் கடைக்காரர் ஸ்காட்லாந்தின் கிளைட்ஸ்டேல் வங்கி நோட்டை, 10 பவுண்டு என்றாலும், வாங்கலாம், மறுக்கலாம்; அங்கே லீகல் டெண்டரான இங்கிலாந்து வங்கியின் 50 பவுண்டு நோட்டையும் அப்படியே.

ஸ்காட்லாந்தின் மூன்று வங்கிகள் நாடாளுமன்றச் சட்டப்படியே நோட்டு வெளியிடுகின்றன. அவற்றுக்கு ஈடு காட்டுவதற்கென்றே இங்கிலாந்து வங்கி 10 லட்சம் பவுண்டு ‘ஜயன்ட்’, 10 கோடி பவுண்டு ‘டைட்டன்’ நோட்டுகளை வைத்திருக்கிறது. இதைவிடச் சட்டப்பூர்வம் என்ன வேண்டும்? வேடிக்கை என்னவென்றால், ஸ்காட்லாந்தில் எந்த நோட்டுமே லீகல் டெண்டர் கிடையாது, இங்கிலாந்து வங்கியின் நோட்டு உட்பட. நாணயங்களுக்குத்தான் அந்தத் தகுதி. அதிலும் 1, 2 பென்னி காசுகளுக்கு 20 பென்னி வரைதான். நம் மொழிபெயர்ப்பாளர்கள் கணக்கில் எடின்பரோ முழுவதும் கள்ளப் பணத்தில் வாழ்கிறது!

‘பூர்வ’ வடசொல் என்று அதை நீக்கிச் ‘சட்டமுறைப் பணம்’ என்கிறார்கள் தூய்மைவாதிகள். சொல் தமிழாயிற்று, பிழை அப்படியே இருக்கிறது. வடசொல்லை விரட்டும் அவசரத்தில் பொருளைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

ரிசர்வ் வங்கி நோட்டு இந்தியா முழுவதற்கும் லீகல் டெண்டர் என்பதால் இந்த வேறுபாடு நம் கண்ணில் படுவதில்லை. 2016 நவம்பர் 8 நள்ளிரவில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் அத்தகுதியை இழந்தபோது ‘செல்லாது’ என்றது பொருந்தியது. அதே சொல்லை ஸ்காட்லாந்து நோட்டின் மீது ஒட்டுவது அபத்தம்.

என் பரிந்துரை ‘கடன்தீர் பணம்’. வினைத்தொகை, ஆகவே நடுவில் ‘ப்’ போட வேண்டாம். பிடிக்காதவர்கள் லீகல் டெண்டர் என்றே எழுதட்டும். சட்டப்பூர்வத்துக்கு அது எவ்வளவோ மேல்.