நனவோடை: நினைவோடை அல்ல

பக்கக் கணக்கில் முற்றுப்புள்ளியே வராத நாவலைப் பாதியில் மூடிவைத்தவர்கள், அதை ‘நினைவோடை நாவல்’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். சில கட்டுரைகளிலும் அப்படியே அச்சாகிறது. எழுத்துப் பிழைதானே என்று விட்டுவிட மனம் வரவில்லை. நினைவோடை என்பது நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்ப்பது. சுந்தர ராமசாமி தாம் பழகிய எழுத்தாளர்களை நினைவுகூர்ந்த நூல்வரிசைக்கு அந்தப் பெயர் அழகாகப் பொருந்தியது. நனவோடை வேறு. இந்த நொடியில் மனத்துக்குள் ஓடுவதை, ஓடுகிறபடியே எழுத முயலும் உத்தி அது. அதில் பழைய நினைவும் வரும். கதவைப் பூட்டினோமா என்ற சந்தேகமும் வரும். எங்கோ கேட்ட பாட்டின் பாதி வரியும் வரும்.

சொல்லின் முதற்பகுதியான ‘நனவு’ பழைய சொல். ‘நனவினான் நல்கா தவரைக் கனவினான் காண்டலின் உண்டென் உயிர்’ என்கிறாள் குறளின் தலைவி. விழித்திருக்கும்போது அன்பு காட்டாதவரைக் கனவிலாவது காண்கிறேன், அதனால்தான் உயிரோடு இருக்கிறேன் என்கிறாள். கனவுக்கு எதிர்நிலையான விழிப்பே நனவு. இருபதாம் நூற்றாண்டில் உளவியலைத் தமிழில் எழுதியவர்கள் அந்த விழிப்பைத் தன்னுணர்வு என்ற பொருளுக்கு நீட்டிக்கொண்டார்கள். நம் தன்னுணர்வுக்கு எட்டாத மனப்பகுதியைக் குறிக்கும் நனவிலி மனம் என்ற சொல்லும் அந்த வழியில் பிறந்ததுதான்.

நனவோடைக்கு மூலமான ஆங்கிலத் தொடர் ‘ஸ்ட்ரீம் ஆஃப் கான்ஷியஸ்னஸ்’. அதுவும் இலக்கியத்தில் பிறந்ததில்லை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தத்துவவாதி அலெக்சாண்டர் பெய்ன் 1855-இலேயே இத்தொடரைப் பயன்படுத்தியிருந்தாலும், பரப்பியவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ். 1890-இல் வந்த தம் பெருநூலில், மனத்தின் இயக்கத்தைச் சங்கிலி என்றோ தொடர்வரிசை என்றோ சொல்வது பொருந்தாது, அதில் மூட்டுகள் இல்லை, அது ஓடுகிறது என்று எழுதினார். ஆறு, ஓடை இரண்டையும் அவரே உவமையாகச் சொன்னார். அந்த அத்தியாயத்துக்கு அவர் இட்ட தலைப்போ ‘சிந்தனை ஓடை’. லா.ச.ராமாமிர்தத்துக்கு 1989-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத் தந்த நூலின் பெயர் ‘சிந்தாநதி’ என்பது இங்கே ஞாபகம் வராமல் போகாது.

இலக்கியத்துக்கு இச்சொல்லைக் கொண்டுவந்தவர் ஆங்கில எழுத்தாளர் மே சின்க்ளேர். டோரதி ரிச்சர்ட்சனின் நாவல்களைப் பற்றி 1918-இல் எழுதியபோது இதை எடுத்தாண்டார். ரிச்சர்ட்சனுக்கு இந்தப் பட்டம் பிடிக்கவில்லை, ஆனாலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

தமிழில் நனவோட்டம், உணர்வோட்டம், பிரக்ஞை ஓட்டம் என்றெல்லாம் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். பிரக்ஞை ஓட்டம் பொருளில் பிழையில்லை, நாக்குக்குத்தான் பாரம். என் தேர்வு நனவோடைதான். அகத் தனிமொழியை மட்டும் இதோடு குழப்ப வேண்டாம். அது பாத்திரம் தனக்குள் சொற்களால் பேசிக்கொள்வது. நனவோடையில் சொல்லாகாத வாசனையும் வலியும்கூட அடங்கும்.

அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிஸஸ்’ (1922) நாவல் முழுவதும் ஒரே நாளில், 1904 ஜூன் 16-இல், நடக்கிறது. அதன் கடைசி அத்தியாயத்தில் நாயகனின் மனைவி மாலியின் மனம் நிறுத்தக்குறிகள் ஏறக்குறைய இல்லாமல் எட்டே நீண்ட வாக்கியங்களில் ஓடுகிறது. ஆங்கிலத்தில் புள்ளியை எடுத்துவிட்டால் வாக்கியம் எங்கே முடிகிறது என்று வாசகர் தடுமாறுகிறார். தமிழில் இந்தத் தந்திரம் அவ்வளவு எளிதில் பலிக்காது. ஓலைச்சுவடியில் இன்றைய நிறுத்தக்குறிகள் கிடையாது. வினைமுற்று வந்தால் வாக்கியம் முடிந்தது என்று படித்துப் பழகிய மொழி இது. தமிழில் ஓடை ஓட வேண்டுமானால் முற்றைத் தள்ளிப்போட வேண்டும்: எழுந்து, சன்னலைத் திறந்து, யாரோ இருமுவதைக் கேட்டு, அப்பாவும் இப்படித்தானே இருமுவார் என எண்ணி, எண்ணியதை உதறி என்று எச்சங்களிலேயே மிதக்கவிட வேண்டும். லா.ச.ரா., நகுலன் வழியாக இந்தப் போக்குக்குப் பழகியவர்களுக்கு ஜாய்ஸ் அத்தனை அந்நியமாகத் தெரியமாட்டார்.

நினைவோடை என்று நம்பி இத்தகைய நாவலைத் திறப்பவர், எந்த நிகழ்ச்சி முன்னே, எது பின்னே என்று அடுக்கத் தொடங்கிவிடுவார். ஐம்பது பக்கத்தில் சோர்வு வரும். நனவோடை என்று திறப்பவர் திரும்பத் திரும்ப வரும் சொல்லையே பிடிமானமாகக் கொள்ளலாம். வாய்விட்டுப் படித்தால் இன்னும் எளிது. லூசி எல்மனின் ‘டக்ஸ், நியூபரிபோர்ட்’ (2019) ஓஹையோவில் வாழும் ஓர் இல்லத்தரசியின் மனவோட்டம். ஆயிரம் பக்கத்தின் பெரும்பகுதி ஒரே வாக்கியம். ஒவ்வொரு எண்ணத்துக்கு முன்னும் ‘த ஃபேக்ட் தட்’ என்ற தொடர் வந்து, அடுத்து ஏதோ வரப்போகிறது என்று கட்டியம் கூறுகிறது. தமிழில் அதற்கு நேரான ‘என்பது’ எண்ணத்தின் வாலில் அல்லவா வரும்? மொழிபெயர்க்கத் துணிபவர் முதல் பக்கத்திலேயே, அந்தக் கட்டியத்தைத் தலைக்குக் கொண்டுவருவதா, வாலிலேயே விடுவதா என்று முடிவெடுத்தாக வேண்டும்.