எந்தக் கட்சியும் பிடிக்கவில்லை என்றால்: நோட்டா செய்வதும் செய்யாததும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் 11 சட்டமன்றத் தொகுதிகளிலும் தேர்தல் நெருங்கும்போது, "எவன் வந்தாலும் ஒண்ணும் ஆவப்போறதில்ல" என்ற சலிப்பு டீக்கடைதோறும் கேட்கும். அப்படிச் சலித்துக்கொண்டாலும் இங்குள்ளவர்கள் வாக்குச்சாவடிக்குப் போகத் தவறுவதில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரித் தொகுதியில் 81 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பதிவானது, அதுவே தமிழகத்தில் மிக அதிகம். ஆகவே இந்தப் பகுதியைப் பொறுத்தவரை, போவதா வேண்டாமா என்பதைவிட, போனபின் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதே பெரிய கேள்வி.

இந்தியாவில் வாக்களிப்பது கட்டாயமில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951, வாக்களிக்காமல் இருப்பதையும் தேர்தல் உரிமைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. வாக்களிக்காதவரின் ரேஷன் அட்டையையோ உதவித்தொகையையோ நிறுத்த எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

2013-க்கு முன்பு, வேட்பாளர்கள் யாரையும் ஏற்காதவர் 49-ஓ விதியைத்தான் நாட வேண்டியிருந்தது. அதன்படி, விரலில் மை வைத்துப் பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகு, தாம் வாக்களிக்கப் போவதில்லை என்று வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் சொல்ல வேண்டும். அவர் அதைக் குறித்துக்கொண்டு, பக்கத்தில் மறுபடியும் கையெழுத்து வாங்குவார். இவ்வளவும் கட்சி முகவர்கள் உட்கார்ந்திருக்கும் அறையிலேயே நடக்கும். எல்லோரும் எல்லோருக்கும் உறவு அல்லது பங்காளி என்றிருக்கும் ஊரில், அதற்கு எத்தனை பேர் துணிவார்கள்? பியூசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு 2004-இல் தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 2013 செப்டம்பர் 27 அன்று தீர்ப்பளித்தது. வாக்களிப்பவருக்கு உள்ள இரகசியம் மறுப்பவருக்கும் உண்டு என்று அது சொன்னதன் பேரில், வாக்குப்பதிவு இயந்திரத்தில் கடைசிப் பொத்தானாக, 'இவர்களில் எவரும் இல்லை' என்று பொருள்படும் நோட்டா சேர்ந்தது.

நோட்டாவின் பலம் அந்த இரகசியமும், முடிவுப் பட்டியலில் அதற்கென்று ஒரு வரி இருப்பதும் மட்டுமே. நோட்டா எல்லோரையும்விட அதிக வாக்கு வாங்கினாலும், அடுத்த நிலையிலுள்ள வேட்பாளரே வென்றவராக அறிவிக்கப்படுவார், மறுதேர்தல் கிடையாது. 2024-இல் இந்தூர் மக்களவைத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டதால், அக்கட்சியே நோட்டாவுக்கு வாக்குக் கேட்டது. நோட்டா 2,18,674 வாக்குகளுடன் இரண்டாமிடம் பிடித்தும், பாஜக வேட்பாளரின் வெற்றியில் எந்த மாற்றமும் ஏற்படவில்லை.

டெபாசிட் கணக்கில் நோட்டா எதிர்பாராத வேலை ஒன்றையும் செய்கிறது. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதவர் டெபாசிட் இழப்பார்; அந்தக் கூட்டுத்தொகையில் நோட்டா சேராது. ஒரு தொகுதியில் இரண்டு இலட்சம் வாக்குகள் பதிவாகி, அவற்றில் 20,000 நோட்டாவாக இருந்தால், கணக்கு 1,80,000-லிருந்துதான் தொடங்கும். அதாவது, வேட்பாளர்கள் மேல் கோபப்பட்டு அழுத்திய பொத்தான், அவர்கள் டெபாசிட்டைக் காப்பாற்றிக்கொள்ளும் எல்லையைச் சற்றுத் தாழ்த்திவிடுகிறது.

எனவே, பெரிய கட்சிகள் மட்டுமே பிடிக்கவில்லை என்பவருக்கு நோட்டாவைவிடச் சிறிய கட்சியோ சுயேச்சையோ பொருத்தமானது என்பது என் எண்ணம். அந்த வாக்கு செல்லத்தக்க வாக்குகளில் சேரும். மாநிலத்தில் 8 சதவீதம் பெற்றாலே ஒரு கட்சிக்கு, இடம் எதையும் வெல்லாவிட்டாலும், அங்கீகாரம் கிடைக்கும். நாம் தமிழர் கட்சி 2024 வாக்குகளைக் கொண்டு அங்கீகாரம் பெற்றது இப்படித்தான். வேட்பாளரின் சொத்து, வழக்கு விவரங்கள் வேட்புமனுவோடு இணைக்கும் படிவம் 26-இல் இருக்கும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் அதைப் பார்க்கலாம். சின்னம் புதிது என்பதற்காக ஆளும் நல்லவராகிவிட மாட்டார். யாருமே தேறவில்லை என்றால் நோட்டா இருக்கவே இருக்கிறது. அதே வேளையில், 2021-இல் கிருஷ்ணகிரி சட்டமன்றத் தொகுதியின் முடிவு வெறும் 794 வாக்கு வித்தியாசத்தில் அமைந்தது. இத்தகைய தொகுதியில் இருவரில் ஒருவர் வரவே கூடாது என்று நினைப்பவர், மற்றவரைப் பிடிக்காமலேயே அவருக்கு வாக்களிப்பதிலும் நியாயம் உண்டு.

வீட்டிலேயே இருந்துவிடுவது இவை எல்லாவற்றிலும் பலவீனமானது. வெறுத்து வராதவரையும் வேலைக்குப் போனதால் வராதவரையும் பட்டியல் பிரித்துக் காட்டாது. சாலை கேட்டு ஒரு மலைக்கிராமமே சேர்ந்து புறக்கணித்தால் அதிகாரிகள் பேச்சு நடத்த வருவார்கள் என்பது உண்மைதான். பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோபம் புரியும். தனியொருவரின் புறக்கணிப்புக்கு அந்தக் கவனம் கிடைக்காது.

ஓசூர் ஆலைகளிலும் பெங்களூருக் கட்டட வேலைகளிலும் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவின்படி, தினக்கூலிகள் உட்பட, வாக்குரிமை உள்ள தொழிலாளர்களுக்கு வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும். அன்றைய கூலியைப் பிடிக்கக் கூடாது. ஆள் இல்லாவிட்டால் ஆபத்தோ பெரும் இழப்போ நேரும் வேலைகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. மீறும் முதலாளிக்கு 500 ரூபாய் வரை அபராதம் என்பது இன்றைய நிலையில் சிறிய தொகைதான். இருந்தாலும், முன்கூட்டியே எழுத்தில் விடுப்புக் கேட்டு வைத்தால் கூலி பிடிக்கும்போது 1950 என்ற தேர்தல் உதவி எண்ணில் புகார் செய்ய ஆதாரம் கையில் இருக்கும்.