மரக்கன்று குடுத்தா கான்சர்ட் கிரீன் ஆயிடாதுங்க

லைவ் ஷோ ப்ரொடக்‌ஷன் தான் என் பொழப்பு. இந்த சீசன்லயும் ஒரு ஆர்கனைசர் வந்து "நம்மளது கிரீன் கான்சர்ட், பிளாஸ்டிக் பாட்டில் கிடையாது, வாசல்ல எல்லாருக்கும் மரக்கன்று"ன்னு பெருமையா சொன்னாரு. கிரவுண்ட் எங்கன்னு பாத்தா ஊருக்கு வெளிய, ஷோ முடியுற நேரத்துக்கு ஒரு பஸ் கிடையாது, வந்த ஜனம் பூரா கார்லயும் பைக்லயும் தான். எத்தனை தடவை சொல்றது, வெறுத்துப் போய் தான் இத எழுதுறேன்.

பெரிய ஷோவோட கார்பன் கணக்குல பொதுவா முதல் இடம் ரசிகர்கள் வந்து போற பயணத்துக்கு தான். லைட்டும் இல்ல, ஸ்பீக்கரும் இல்ல, தண்ணி பாட்டிலும் இல்ல. நம்ம சாமான் வர்றது நாலஞ்சு லாரில, முப்பதாயிரம் பேர் ஆளுக்கொரு வண்டில வர்றாங்க, எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்க. பிரிட்டிஷ் பேண்ட் கோல்ட்ப்ளே 2022ல கிளம்பின டூர்ல ஒரு ஷோவுக்கான கார்பன முந்தின ஸ்டேடியம் டூர விட 59 சதவீதம் குறைச்சதா 2024ல சொன்னாங்க, பெரிய விஷயம் தான், ஆனா அது மேடை, சரக்கு, பேண்ட், க்ரூ பயணக் கணக்கு மட்டும், ரசிகர் பயணம் அதுல வராது. இன்னொரு பிரிட்டிஷ் பேண்ட் மாசிவ் அட்டாக் அதையும் தொட்டாங்க. 2024 ஆகஸ்ட்ல இங்கிலாந்துல பிரிஸ்டல் ஊர்ல நடந்த ஷோவ பேட்டரி கரண்ட்ல நடத்தி, சுத்துவட்டார ஜனங்களுக்கு முதல்ல டிக்கெட் குடுத்து, ராத்திரி ஊர் திரும்ப ஸ்பெஷல் ட்ரெயினும் விட வச்சாங்க. நம்ம ஊர்ல முடியாதான்னா, சேப்பாக்கம் ஐபிஎல் மேட்சுக்கு டிக்கெட்டோடயே மெட்ரோ பயணம் குடுத்தாங்களே, கான்சர்ட்டுக்கு கேட்டுப் பாத்தா என்ன?

அடுத்தது ஜென்செட், அதான் டீசல் ஜெனரேட்டர். 125 கேவிஏ (ஜெனரேட்டரோட பவர் அளவு) போதும்னா பயத்துல 250 கொண்டாந்து நிறுத்துறாங்க, லோடு கால்வாசி கூட ஏறாது. அப்படியே ஓட விட்டா சைலன்சர் ஜாயிண்ட்ல கருப்பா பிசுபிசுன்னு வடிஞ்சிருக்கும் பாருங்க, அது சரியா எரியாத டீசலும் கரியும். ஒரு லிட்டர் டீசலுக்கு கிட்டத்தட்ட 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. சவுண்ட், லைட், எல்இடி வால் (மேடைல நிக்குற பெரிய ஸ்க்ரீன்) மூணு டீம்கிட்டயும் எவ்வளவு கரண்ட் வேணும்ங்கற லோடு லிஸ்ட்ட முன்னாடியே வாங்குங்க, ஈபில டெம்பரரி கனெக்‌ஷன் எடுங்க, ஜென்செட் ஸ்டாண்ட்பைல இருக்கட்டும். சவுண்ட்செக் முடிஞ்சு எல்லாரும் சாப்பிடப் போன பிறகும் எதுக்குங்க அது ஓடணும், ஆஃப் பண்ணுங்க.

டூர் தேதி போடும்போது சென்னை, மதுரை, திரும்ப பெங்களூரு, அப்புறம் திருநெல்வேலின்னு குறுக்கும் நெடுக்குமா லாரிய அலைய விடாதீங்க. ட்ரஸ் (லைட் மாட்டுற மெட்டல் சட்டம்), எல்இடி வால் எல்லாம் கோயம்புத்தூர்லயே வாடகைக்கு கெடைக்குது, சென்னைல இருந்து ஏத்தணும்னு என்ன கட்டாயம்? கன்சோல் (சவுண்ட் மிக்ஸ் பண்ற போர்டு) கூட அதே மாடல் அங்க கெடைச்சா, நம்ம செட்டிங்ஸ் இருக்குற ஷோ ஃபைல பென்டிரைவ்ல கொண்டு போனா போதும், மேடைல இருக்கறவங்களுக்கு கேக்குற சவுண்ட பாத்துக்குற மானிட்டர் ஆளு மொதல்ல முறைப்பாரு, பேசினா ஒத்துக்குவாரு. ஃப்ளெக்ஸ்ல தேதிய தனியா ஒட்டுற மாதிரி அடிச்சா அதே பேனர் அடுத்த ஊருக்கும் ஆகும்.

ரசிகர்கள்கிட்டயும் கெஞ்சிக் கேக்குறேன், தயவு செஞ்சு ஒரு கார்ல நாலு பேரா வாங்க. ஆர்கனைசருங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. கிரவுண்ட் அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு போன் போடுங்க, டிக்கெட் வித்த பிறகு கூப்பிட்டா தண்ணி குடிக்கிற கப்ப வேணா மாத்தலாம், கிரவுண்ட மாத்த முடியாது.