பொழிவு இல்லாத இரவிலும் வானம் கொட்டுகிறது

ஆகஸ்ட் 12, 13 நெருங்கினால் போதும், 'மணிக்கு 100 எரிநட்சத்திரங்கள்' என்று செய்தி பறக்கும். நாங்கள் நடத்தும் வான்நோக்கு இரவுகளுக்கு வருகிறவர்களில் பலர் சீக்கிரமே சலித்துப்போவது அந்த எண்ணால்தான். அந்த நாட்களில் உச்சம் தொடும் பெர்சீட் எரிநட்சத்திரப் பொழிவின் கீற்றுகள் கிளம்புவதாகத் தோன்றும் இடம் நேர் உச்சியில் இருந்து, வானமும் கும்மிருட்டாக இருந்தால் கிடைக்கும் கணக்கு அது. நகர வெளிச்சத்தில் பத்துப் பதினைந்து தெரிந்தாலே அதிர்ஷ்டம்.

எண்ணும்போது நோட்டில் இரண்டு பத்தி போட்டுக்கொள்ளச் சொல்வேன். ஒரு கீற்று ஓடியதும், அது வந்த வழியிலேயே கண்ணைப் பின்னால் ஓட்டுங்கள். பெர்சீட் கீற்றுகள் கிளம்பும் பெர்சியஸ் விண்மீன் கூட்டத்தின் பக்கம் போய் நின்றால் முதல் பத்தி. வேறெங்கோ போனால் இரண்டாவது. அந்த இரண்டாவது பத்தியை யாரும் மதிப்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

முதல் பத்தியில் வருபவை ஸ்விஃப்ட்-டட்டில் வால்நட்சத்திரம் விட்டுப்போன தூசு, நொடிக்கு சுமார் 59 கிலோமீட்டர் வேகத்தில் நுழைபவை. இரண்டாவது பத்தியில் வருபவை எப்போதோ சிதறிய தூசு. வியாழனின் ஈர்ப்பும் சூரிய ஒளியும் அவற்றின் பாதையை மெல்ல மாற்றிவிட்டதால், எந்தத் தாயிடமிருந்து வந்தவை என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் ஆண்டு முழுக்கப் பூமிக்கு வருவதில் பெரும்பங்கு இவைதான். அண்டார்டிகாவின் கான்கோர்டியா நிலையம் அருகே பனியை உருக்கி வடிகட்டிய ஆய்வு 2021இல் வெளியானது. காற்றில் எரிந்தது போக, நுண்துகளாகத் தரை சேர்வது மட்டும் ஆண்டுக்குச் சுமார் 5,200 டன் என்கிறது அது.

எரிந்துபோனதும் வீணாவதில்லை. சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் சோடியம் அணுக்களின் படலமாக நிற்கிறது. பெரிய தொலைநோக்கிகள் லேசரை அதன்மீது பாய்ச்சித்தான் காற்றால் படம் கலங்குவதைச் சரிசெய்ய உதவும் செயற்கை விண்மீனை உண்டாக்குகின்றன.

சரி, எப்போது பார்ப்பது? பொழிவு நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். நிலவில்லாத எந்த நாளிலும் விடியலுக்கு முந்தைய இரண்டு மணி நேரம் போதும். பூமி ஓடுகிற திசையை நாம் நிற்கும் பக்கம் அப்போது பார்த்திருப்பதால், மாலையைவிடக் கூடுதலாகத் தெரியும்.

அப்புறம், மொட்டைமாடித் தூசில் காந்தத்தை ஓட்டிக் கருப்பு உருண்டைகளைச் சேர்த்து 'விண்கல் தூசு' என்று படம் அனுப்புகிறார்கள். அவற்றில் அநேகமாக எல்லாமே வெல்டிங், கிரைண்டிங் பொறிகள். நுண்ணோக்கியில் பார்க்காமல் யாருக்கும் பணம் கொடுத்து வாங்காதீர்கள்.