லேப்டாப்பை மூடினாலும் மூளை மூடுவதில்லை

"பயணம் இல்லை, நெரிசல் இல்லை. வீட்டிலிருந்துதான் வேலை. அப்படியும் ஆபீஸ் போன நாட்களைவிட அதிகமாகக் களைத்துப்போகிறேனே, ஏன்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சோம்பேறி ஆகிவிட்டோமோ என்ற பயம் வேறு அவருக்கு. இது சோம்பல் இல்லை.

வேலை நெருக்கும்போது உடம்பில் நடப்பது பள்ளிப் பாடம்தான். மூளையில் உள்ள ஹைபோதலாமஸ் என்ற பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. சுரந்த கார்ட்டிசாலே ரத்தத்தோடு மூளைக்குப் போய், தன்னைச் சுரக்க வைத்த ஹைபோதலாமஸையே அடக்குகிறது. ஹிப்போகாம்பஸ் என்ற இன்னொரு மூளைப் பகுதியில் கார்ட்டிசாலை உணரும் ஏற்பிகளும் அளவு பார்த்து 'போதும்' என்கின்றன. தொட்டி நிறைந்ததும் மிதவை மேலெழுந்து குழாயை மூடுவது போல, தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் இது வந்துவிட்டுப் போய்விடும் ஆபத்துகளுக்கானது. மனிதனுக்கோ ஆபத்து எதிரில் இருக்க வேண்டும் என்பதில்லை, நினைத்தாலே போதும். மேலாளருக்கு அனுப்ப வேண்டிய பதிலை இரவுச் சாப்பாட்டின்போது மனசுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தால், அடங்க வேண்டிய தூண்டுதல் மறுபடி மறுபடி கிளம்பும். அழுத்தம் தந்த சம்பவம் மட்டுமல்ல, அதை அசைபோட்டுக்கொண்டே இருப்பதும் உடம்பைக் கெடுக்கிறது என்று பிராஸ்ஷாட், கெரின், தேயர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2006இல் எழுதினார்கள். ஆபீஸிலிருந்து வீடு திரும்பும் நேரம் பலருக்கு இந்த அசைபோடலை அறுத்துவிடும். வீட்டிலேயே வேலை என்றால் அதே மேஜை, அதே நாற்காலி. வேலை முடிந்தது என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை.

சரி, இது சாதாரணக் களைப்பா, தீராத வேலை அழுத்தத்தால் ஆளே வற்றிப்போகும் பர்ன்அவுட்டா? உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் மூன்று அடையாளங்கள் சொல்கிறார்: வற்றிப்போன உணர்வு, வேலைமேல் வெறுப்பு கலந்த விலகல், 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம். விடுமுறை எடுத்தும் இவை போகவில்லை என்றால் கவனியுங்கள். வேலைக்கு வெளியேயும் எதிலும் நாட்டமில்லை, தூக்கம் கெட்டுவிட்டது என்றால் மருத்துவரைப் பாருங்கள். அது மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம்.

தடுக்க என்ன செய்வது? 2011இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனைகளில், முடிக்காத வேலை வேறு எதையாவது படிக்கும்போதும் குறுக்கே வந்து தொல்லை செய்தது. அதை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டமிட்டவர்களுக்கு அந்தத் தொல்லை நின்றது. வேலையை முடிக்கக்கூட இல்லை, திட்டம் போட்டதே போதுமாக இருந்தது! ஆகவே லேப்டாப்பை மூடுமுன் எழுதி வையுங்கள். 'அறிக்கை பாக்கி' என்று எழுதினால் பயனில்லை. 'காலையில் முதல் வேலை, மூன்றாம் பக்க அட்டவணையில் விடுபட்ட எண்கள்' என்று எழுதுங்கள். பிறகு லேப்டாப்பைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டுக் கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்.

இதையெல்லாம் ஊழியர் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம் என்பது என் கருத்து. உலக சுகாதார நிறுவனமே 2019இல் பர்ன்அவுட்டை நோய் என்று சொல்லவில்லை, சமாளிக்கப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் வகைப்படுத்தியது. பகலில் தியான வகுப்பு நடத்திவிட்டு, இரவு பத்து மணிக்கு 'அவசரம்' என்று செய்தி அனுப்பும் நிறுவனம் முதலில் அந்தச் செய்தியை நிறுத்தட்டும். பிரான்ஸில் 2017 முதல், 50 பேராவது வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை நேரத்துக்கு அப்பால் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியர் தரப்போடு பேசியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.