புயலுக்கு முன்பே போட வேண்டிய கையெழுத்து: அமெரிக்கச் சிப்பிப் பண்ணைகளுக்கான நேப் திட்டம்

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாக் கரையிலும் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம். மிதவைக் கூண்டில் சிப்பி வளர்ப்பவர்கள் புயல் எச்சரிக்கை வந்ததும் மிதவைக்குள் தண்ணீர் நிரப்பிக் கூண்டைத் தரைக்கு இறக்கிவிடுவார்கள். அலையின் அடி மேல்மட்டத்தில்தான் கடுமை. புயல் போனதும் சீக்கிரம் தூக்கிவிட வேண்டும். சேறு மூடினால் சிப்பி செத்துப்போகும்.

இத்தனை செய்தும் வளர்த்த சிப்பிச் சரக்கு அழிந்தால் கைகொடுப்பது நேப் (NAP) என்ற அரசு உதவித் திட்டம். கூட்டாட்சிப் பயிர்க் காப்பீடு கிடைக்காத விளைபொருள்களுக்காக வேளாண் துறையின் ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி இதை நடத்துகிறது. சிப்பிக்கெனத் தனிக் காப்பீடும் சில கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகளில்) வந்திருப்பதால், உங்கள் கவுண்டியில் எது உண்டு என்று முதலில் கேளுங்கள்.

கட்டணம் ஒரு பயிருக்கு 325 டாலர். ஒரு கவுண்டிக்குள் எத்தனை பயிர் என்றாலும் 825 டாலருக்கு மேல் போகாது. புதிதாகப் பண்ணை தொடங்கியவர்கள், குறைந்த வருமானத்தார், முன்னாள் படைவீரர்கள் ஆகியோருக்குக் கட்டணம் இல்லை. தானாக வளரும் சிப்பிக்கு இது பொருந்தாது. சொந்தமான அல்லது குத்தகைக்கு எடுத்த இடத்தில், கூண்டிலோ கூடையிலோ கயிற்றிலோ வளர்த்திருக்க வேண்டும்.

தேதிதான் முக்கியம். நீர்வாழ் வளர்ப்புக்கு விண்ணப்பக் கெடு செப்டம்பர் 1. பாதுகாப்பு தொடங்குவது அக்டோபர் 1. புயல் கடலில் உருவான பிறகு ஓடிப்போய்ப் பணம் கட்டினால் அந்தப் புயலுக்கு ஒரு டாலரும் வராது. ஆகவே இந்த ஆண்டு அக்டோபர் முதல் அடுத்த ஆண்டு செப்டம்பர் வரை வரும் புயல்களுக்கு இந்த ஆண்டு ஆகஸ்டிலேயே கையெழுத்திட்டாக வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும்? அடிப்படைப் பாதுகாப்பில், சரக்கின் மதிப்பில் பாதிக்கு மேல் அழிந்தால்தான் ஈடு, அதுவும் 55 சதவீத விலையில். 1,00,000 டாலர் சரக்கில் 20,000 டாலர் மிஞ்சியது என்று வையுங்கள். பாதியான 50,000-இல் மிஞ்சிய 20,000 போக 30,000. அதில் 55 சதவீதம், ஏறக்குறைய 16,500 டாலர். கூடுதல் பிரீமியம் கட்டினால் பாதிக்குப் பதில் சரக்கு மதிப்பில் 65 சதவீதம் வரை, முழுச் சந்தை விலையில் பாதுகாப்பு வாங்கலாம். வசதியிருப்பவர்கள் இதையே எடுப்பது நல்லது. 80 சதவீதச் சரக்கை இழந்தவருக்கு 16,500 டாலர் போதவே போதாது. கூண்டு, கயிறு, நங்கூரம் எதற்கும் இதில் ஈடு கிடையாது.

ஈடு முழுக்க முழுக்கச் சரக்குக் கணக்கின் மேல் நிற்கிறது. புயலுக்கு முந்தைய நாள் தண்ணீரில் என்ன இருந்தது என்று காட்ட முடியாதவருக்கு இழப்பை நிறுவ வழியில்லை. விதைச் சிப்பி வாங்கிய ரசீது, எந்த வரிசையில் எத்தனை கூண்டு, எந்த அளவுச் சிப்பி, விற்றது எவ்வளவு, செத்தது எவ்வளவு: இவற்றை மாதந்தோறும் எழுதுங்கள். கூண்டை இறக்கும் முன் தேதியோடு படமும் எடுங்கள். பிரதியைக் கரையிலிருந்து தள்ளி வேறிடத்தில் வையுங்கள்.

புயலுக்குப் பின் கழிவுநீர் கலந்ததென்று மாநில அரசு அறுவடையை நிறுத்தலாம். அப்போதும் நேப் கெடு நிற்காது. இழப்பு நேர்ந்த அல்லது தெரியவந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சியின் கவுண்டி அலுவலகத்தில் அறிவிக்க வேண்டும். செத்த சிப்பியை அப்புறப்படுத்தும் முன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.