பாராசிட்டமால் அட்டைக்குள் இருக்கும் கதை

1886. ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஆர்னோல்டு கான், பால் ஹெப் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள் குடற்புழுவுக்காக ஒரு நோயாளிக்கு நாஃப்தலீன் கொடுத்தார்கள். புழு போகவில்லை, காய்ச்சல் இறங்கியது. விசாரித்தால், மருந்துக்கடையிலிருந்து வந்தது நாஃப்தலீனே இல்லை, அசிட்டனிலைடு. மாறி வந்த அந்த வெள்ளைத் தூள்தான் நம் பாராசிட்டமாலுக்கு மூத்த அண்ணன்.

ஆனால் அசிட்டனிலைடு, ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க விடாமல் செய்துவிடும். உதடும் நகமும் நீலம் பூக்கும். 1948-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பெர்னார்டு பிராடியும் ஜூலியஸ் ஆக்செல்ராடும் உண்மையைப் பிரித்தெடுத்தார்கள்: உடல் அதைப் பாராசிட்டமாலாக மாற்றுகிறது, வலியைத் தணிப்பது அதுதான். அப்படியானால் நேரடியாக அதையே கொடுக்கலாமே! 1955-இல் அமெரிக்காவில் டைலனால் என்ற வணிகப் பெயரில் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் திரவம் வந்தது, சிவப்புத் தீயணைப்பு வண்டி வடிவப் பெட்டியில்.

1982 செப்டம்பரில் சிகாகோ பகுதியில் யாரோ டைலனால் குப்பிகளைத் திறந்து, குளிகைகளில் சயனைடு வைத்துவிட்டார்கள். 7 பேர் இறந்தார்கள். சுமார் 3.1 கோடி குப்பிகள் திரும்பப் பெறப்பட்டன. இன்று மருந்துக் குப்பியைத் திறக்கும்போது கழுத்தில் பிளாஸ்டிக் வளையம், வாயில் ஒட்டிய தாள் என்று கிழிக்கிறோமே, அவை பரவலானது அதன் பிறகுதான்.

வெளியிலிருந்து வரும் விஷத்தை முத்திரை தடுக்கும். மருந்தே அளவு மீறினால்? கல்லீரல் பாராசிட்டமாலின் பெரும்பகுதியைப் பாதிப்பில்லாமல் மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். ஒரு சிறு பங்கு மட்டும் நஞ்சாகும். அதைக் குளுட்டதயோன் என்ற பொருள் பிடித்து அடக்கிவிடும். மாத்திரை அதிகமானால் குளுட்டதயோன் தீர்ந்துபோகும், நஞ்சு கல்லீரல் செல்களைத் தாக்கத் தொடங்கும். முதல் நாள் பெரிதாக எதுவும் தெரியாது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பயம் தருவது. அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்றுமருந்து, 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். அதனால் அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால், உடம்பு நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டுமென்றே அளவு மீறி விழுங்குவதைக் குறைக்க, பிரிட்டன் சட்டத்தால் ஒரு வழி கண்டது. 1998 முதல் சாதாரணக் கடைகளில் ஒரு பொட்டலத்தில் 16 மாத்திரைதான், மருந்துக்கடையில் 32. அட்டை மாத்திரையும் இதற்குத் துணை. குப்பியென்றால் கவிழ்த்தால் கொட்டிவிடும். அட்டையில் ஒவ்வொரு குமிழையும் கட்டைவிரலால் அழுத்தி, அலுமினியத் தாள் 'டப்' என்று கிழிந்து, ஒன்று கையில் விழுந்த பிறகுதான் அடுத்தது. ஒரு கண நேர வேதனையில் இருப்பவருக்கு அந்தத் தாமதம் சின்ன விஷயமில்லை. சட்டம் வந்து 11 ஆண்டுகளை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டுப் பார்த்தார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாராசிட்டமாலால் நேரும் மரணங்கள், எதிர்பார்த்ததைவிட 765 குறைந்திருந்தன.